சிங்கம் தின்னாத சாமி

பில்பாவோ
ஜூலை 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கடிதம் என்று பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துவிடாதே. அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். போனில் பேசினால் "சாப்பிட்டியா, என்ன சாப்பிட்ட"விலேயே பாதி நேரம் போய்விடுகிறது. மீதி நேரம் அம்மா பேசுகிறாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு நீ கூப்பிட்டாயே, அதிலிருந்து அந்த விஷயம் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிக்கோ வில்லியம்ஸ் பார்சிலோனாவுக்குப் போகாமல் 2035 வரை நம் ஊர் கால்பந்து அணி அத்லெதிக் கிளப்பிலேயே இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டதை வைத்து உங்கள் மாட்ரிட் ஆபீசில் கிண்டல். அதில் ஒருவன் உன்னிடம், "ஊர்க்காரனை மட்டும் சேர்க்கிற டீமுக்கு நீ எப்படி ரசிகை? உன்னை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்களே" என்று கேட்டான் என்றாய். சிரித்துச் சமாளித்தேன் என்றும் சொன்னாய். சிரித்துச் சமாளித்தவள் அந்நேரத்துக்கு அப்பாவைக் கூப்பிடமாட்டாள்.

அவன் கேட்டது தப்பான கேள்வி இல்லை. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கே அந்தக் கேள்வி இருந்தது. 1997. கப்பல் சமையல்காரனாக சாந்துர்ட்சி துறைமுகத்தில் இறங்கியவன் அப்படியே தங்கிவிட்டேன். போசாஸ் தெரு பாரில் முதலில் பாத்திரம் கழுவினேன், அப்புறம் தோர்த்தியா, இந்த ஊர் முட்டை அடை, போட்டேன். அந்தத் தெருவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேரே நடந்தால் சான் மமேஸ் மைதானம். மேட்ச் அன்றைக்கு மூன்று மணி நேரத்துக்கு முன்பே சிவப்பு வெள்ளைச் சட்டைகள் தெருவை அடைத்துக்கொள்ளும். நான் வந்தபோது ஆரம்பித்தது கிளப்பின் நூற்றாண்டு சீசன். அந்த சீசனில் லீகில் இரண்டாம் இடம். ஒவ்வொரு கோலுக்கும் பார் கூரை அதிரும், நான் உள்ளே முட்டை உடைத்துக்கொண்டிருப்பேன். இவர்கள் வெளியூர் ஆட்டக்காரனைச் சேர்க்கமாட்டார்கள் என்று முதலாளி சொன்னபோது, "சரி, இது நமக்கான இடம் இல்லை" என்றுதான் தோன்றியது.

அப்புறம் எப்படி ஒட்டிக்கொண்டேன் என்றால், கதை கேட்டுத்தான். நமக்குக் கதை என்றால் போதுமே.

முதல் வேடிக்கை, வெளிநாட்டானைச் சேர்க்காத இந்தக் கிளப்பை முளைக்க வைத்ததே வெளிநாட்டான்தான். இங்கே மலையில் வெட்டிய இரும்புத் தாது கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போன காலம். அங்கிருந்து வந்த மாலுமிகளும் சுரங்கத்துக்காரர்களும் ஆற்றங்கரை வெளியில் பந்து உதைத்தார்கள். நாம் ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போவோமே, குகன்ஹைம் மியூசியம் பக்கம், அங்கேதான். இன்றைக்கும் அதற்கு ஆங்கிலேயர் வெளி என்றுதான் பெயர். இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய பில்பாவோ பையன்களும் சேர்ந்துகொள்ள, 1898இல் கிளப் ஆரம்பம். அதனால்தான் பெயரும் ஸ்பானியத்தில் "அத்லெத்திக்கோ" என்று இல்லாமல் ஆங்கிலத்தில் "அத்லெதிக்". சட்டை கதை இன்னும் நன்றாக இருக்கும். முதலில் இவர்கள் போட்டது நீலமும் வெள்ளையும். புதுச் சட்டை வாங்க இங்கிலாந்து போனவருக்குத் தேவையான அளவு நீலம் கிடைக்கவில்லையாம். கப்பலேறும் நேரத்தில் சவுத்தாம்ப்டனில் கண்ணில் பட்ட சிவப்பு வெள்ளையை மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். தீபாவளிக்குக் கடைசி நேரத்தில் உங்கள் தாத்தா துணி எடுத்த மாதிரி.

உன் ஆபீஸ்காரன் அத்லெத்திக்கோ மாட்ரிட் ரசிகனாக இருந்தால் இதையும் சொல். அந்தக் கிளப்பை 1903இல் மாட்ரிட்டில் ஆரம்பித்ததே அங்கே படிக்கப் போன, நம் பில்பாவோ இருக்கும் பாஸ்க் நாட்டு மாணவர்கள்தான், நம் கிளப்பின் கிளையாக. அவன் போட்டிருக்கும் சிவப்பு வெள்ளையும் இங்கிருந்து போனதுதான்.

1911 ஸ்பெயின் கோப்பைப் போட்டியில் இங்கிலாந்து ஆட்டக்காரர்களை இறக்கியது பற்றிப் பெரிய சச்சரவு. அதற்குப் பிறகு இந்த மண்ணின் பிள்ளைகளை மட்டும் வைத்து ஆடுவது என்று வழக்கமாகிவிட்டது. சட்டப் புத்தகத்தில் எழுதி ஒட்டாத வழக்கம். எழுதியிருந்தால் எவனாவது எப்போதோ திருத்தியிருப்பான். கோச்சுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

1913 ஆகஸ்டில் சான் மமேஸ் மைதானம் திறந்தார்கள். மமேஸ் என்பவர் ஒரு கிறிஸ்தவப் புனிதர், சிங்கத்துக்கு இரையாக எறியப்பட்டவர். சிங்கம் தின்னாமல் விட்டுவிட்டது. அவர் பெயரில் பக்கத்தில் ஒரு கோயில் இருந்ததால் மைதானத்துக்கும் அந்தப் பெயர், ஆட்டக்காரர்களுக்குச் சிங்கங்கள் என்று பெயர். பனிமய மாதா கோயில் தேர் பார்த்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் உடனே பிடிபட்டது. இவர்களும் மைதானத்தைக் கதீட்ரல் என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த மைதானத்தில் முதல் கோல் அடித்தவன் பிச்சிச்சி. 1922இல், 29 வயதில், காய்ச்சலில் போய்விட்டான். ஸ்பெயின் லீகில் அதிகம் கோல் அடிப்பவனுக்குத் தரும் பரிசு இன்றைக்கும் அவன் பெயரில்தான். முதல்முறை சான் மமேஸுக்கு ஆட வரும் எந்த அணியின் கேப்டனும் அவன் சிலைக்கு முன்னால் பூ வைக்க வேண்டும். செத்துப்போன எதிராளிக்கு மாலை போட்டுவிட்டு ஆடத் தொடங்குவது! இதைக் கேட்ட அன்றைக்குத்தான் நான் பாதி விழுந்தேன் என்று நினைக்கிறேன்.

சாதனை என்ன என்று கேட்டானாமே? ஸ்பெயின் லீகின் முதல் எட்டு வருஷத்தில் நாலு தடவை சாம்பியன் இவர்கள். 1929-30 சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அப்போது கோச் பென்ட்லண்ட் என்ற இங்கிலாந்துக்காரர், எப்போதும் தலையில் உருண்டைத் தொப்பி. ஜெயித்தால் ஆட்டக்காரர்கள் அந்தத் தொப்பியைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதிப்பார்கள். எத்தனை தொப்பி வாங்கினாரோ பாவம். 1931 பிப்ரவரியில் பார்சிலோனாவை 12-1 என்று அடித்தார்கள். அதில் ஏழு கோல் பாத்தா என்பவன் ஒருத்தன் மட்டும். பார்சிலோனா அதற்கு மேல் அவமானப்பட்டதில்லை.

அதன் பிறகு வந்த காலத்தை நம் பாரில் கிழவர்கள் சத்தமாகப் பேசமாட்டார்கள். 1936இல் உள்நாட்டுப் போர். 1937 ஏப்ரலில் கெர்னிக்கா ஊர்மேல் குண்டு. ஜூனில் பில்பாவோ விழுந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் பலர் பாஸ்க் அணியாகச் சேர்ந்து, அகதிகளுக்குப் பணம் திரட்ட ஊர் ஊராக ஆடிக்கொண்டு ஐரோப்பா முழுக்கப் போய், கடைசியில் மெக்ஸிகோ சேர்ந்தார்கள். சிலர் திரும்பவே இல்லை. போரில் ஜெயித்த சர்வாதிகாரி ஃப்ராங்கோவின் ஆட்சி அந்நிய மொழிப் பெயர்கள் கூடாது என்றதில் கிளப்பின் பெயர்கூடப் போயிற்று. 1941இலிருந்து 1972 வரை "அத்லெத்திக்கோ". பெயரை மாற்றி எழுதினாலும் ஜனங்கள் வாயில் பழையதுதான் வந்தது. நமக்கும் தெரியாததா?

எல்லாம் போன இடத்தில் மறுபடி பையன்களை வைத்துத்தான் கட்டினார்கள். அதில் ஒருவன் தெல்மோ சார்ரா. லீகில் 251 கோல். அந்தக் கணக்கை 2014இல் மெஸ்ஸி வந்துதான் தாண்டினான், அறுபது வருஷம் கழித்து. 1958இல் மாட்ரிட்டிலேயே, அவர்கள் மைதானத்திலேயே, ஐரோப்பியக் கோப்பையை அப்போதுதான் ஜெயித்திருந்த ரியல் மாட்ரிட்டை 2-0 என்று அடித்து ஸ்பெயின் கோப்பையைத் தூக்கி வந்தார்கள். பதினொரு பட்டிக்காட்டான்கள் ஜெயித்த ஆட்டம் என்று அதற்குப் பெயர். இதை நீ மாட்ரிட்டில் சொல்லலாம், ஆனால் மெதுவாகச் சொல்.

ஈரிபாரை உனக்குத் தெரியும், கறுப்புச் சட்டை கோல்கீப்பர். 614 ஆட்டம். ஆனால் இந்த ஊர் அவரைக் கும்பிடுவது அதற்காக மட்டும் இல்லை. 1976 டிசம்பர் 5, சான் செபாஸ்தியானில் இன்னொரு பாஸ்க் அணியான ரியல் சொசியேதாதோடு ஆட்டம். பாஸ்க் கொடி தடை செய்யப்பட்டிருந்த நேரம். இரண்டு அணிக் கேப்டன்களும், ஈரிபாரும் கொர்த்தபார்ரியாவும், அந்தக் கொடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தார்கள். ஜென்ம விரோதிகள் இரண்டு பேரும் சேர்ந்து! அடுத்த மாதமே அரசு கொடிக்கு அனுமதி கொடுத்தது. அதே சீசன் கடைசியில் ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் யுவென்டஸிடம் தோல்வி, கோப்பை இறுதியில் பெத்திஸிடம் தோல்வி. இரண்டாவதில் பெனால்டியைத் தவறவிட்டவர் ஈரிபாரேதான். அதனால் அவர் மதிப்பு ஒரு துளி குறையவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். சுற்றி வளைத்து வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நல்லதை மட்டும் சொல்லி உன்னை அனுப்ப எனக்கு மனசில்லை.

மிகேல் ஜோன்ஸ் என்று ஒருவர். ஆப்பிரிக்காவில் ஸ்பெயினின் காலனியாக இருந்த கினியாவில் பிறந்தவர். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் பில்பாவோ வந்துவிட்டது. இங்கேயே வளர்ந்து, இங்கேயே பந்து ஆடக் கற்றார். 1950களில் அத்லெதிக் அவரைப் பரிசோதித்துப் பார்த்தது. பிறந்தது வெளியே என்று சொல்லி எடுக்கவில்லை. அவர் அத்லெத்திக்கோ மாட்ரிட் போனார், 1962இல் கோப்பை வென்ற அணிகளுக்கான ஐரோப்பியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தார். பிறப்பிடம்தான் காரணமா, நிறமா என்று இன்னும் பேசுகிறார்கள். அவர் 2020இல் இதே பில்பாவோவில்தான் இறந்தார். உன் ஆபீஸ்காரன் கேட்ட கேள்விக்குச் சரியான ஆள் அவர்தான். அவர் விஷயத்தில் இந்த ஊர் தப்புச் செய்தது என்றுதான் நான் நினைக்கிறேன். பாரில் இதைச் சொல்லி இரண்டு பேரோடு சண்டையும் போட்டிருக்கிறேன். ஒருவர் ஒரு மாதம் என் தோர்த்தியாவைத் தொடவில்லை.

ஆனால் வழக்கமும் நகர்ந்தது, பாப்பா. முதலில் பிஸ்காயா மாவட்டத்தில் பிறந்தவன் மட்டும். அப்புறம் பாஸ்க் நாடு முழுக்க, அப்புறம் பிரான்ஸ் பக்கத்துப் பாஸ்க் ஊர்கள். கடைசியில், எங்கே பிறந்திருந்தாலும் சரி, இங்கே பந்து கற்று வளர்ந்தவன் என்றால் போதும் என்று வந்து நிற்கிறது. 2011இல் ஜோனாஸ் ரமால்யோ இறங்கினான், அப்பா அங்கோலாக்காரர். முதல் அணியில் முதல் கறுப்பு ஆட்டக்காரன். ஜோன்ஸைத் திருப்பி அனுப்பி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அவ்வளவு தாமதம்.

அதற்கப்புறம் இன்யாக்கி வில்லியம்ஸ். அவன் அம்மாவும் அப்பாவும் கானாவிலிருந்து சஹாரா பாலைவனத்தைப் பாதி தூரம் நடந்தே கடந்தவர்கள். சுடுமணலில் அப்பாவின் உள்ளங்கால் வெந்துபோயிற்று. ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் ஸ்பெயின் ஊரான மெலியாவில் எல்லை வேலி ஏறிக் குதித்தபோது அந்தம்மா வயிற்றில் இவன். பில்பாவோவில் அவர்களுக்கு உதவிய ஒரு பாதிரியார் பெயர் இன்யாக்கி, அந்தப் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். பாலைவனம் நடந்த கதையை இருபது வயதில்தான் அம்மா அவனிடம் சொன்னாளாம். நான் கப்பலிலிருந்து இறங்கிய கதையை உனக்கு எத்தனை வயதில் சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். முழுதாக இன்னும் சொல்லவில்லை.

அந்த இன்யாக்கி 2016இலிருந்து 2023 வரை ஒரு லீக் ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 251 ஆட்டம் ஆடினான். ஸ்பெயினில் வேறு யாரும் அப்படி ஆடியதில்லை. சார்ராவின் கோல் கணக்கும் அதே 251. இது தற்செயல்தான், ஆனால் பாரில் இதைச் சொல்லாத நாள் இல்லை. அவன் தம்பிதான் உங்கள் ஆபீசில் கிண்டல் பண்ணும் நிக்கோ. பைத்தியக்காரத்தனம் என்கிறார்களா? அண்ணன் ஆடும் அணி, வளர்த்த அணி. காசுக்கும் குறைவில்லை, அதையும் சொல்.

காசு என்றதும் இன்னொன்று. வெளியிலிருந்து வாங்க முடியாத கிளப் என்பதால், நம் ஆளை வேண்டும் என்கிறவனிடம் இவர்கள் பேரமே பேசுவதில்லை. ஒப்பந்தத்தில் போட்ட தொகையை அப்படியே வை, கூட்டிக்கொண்டு போ என்பார்கள். 2018இல் லபோர்ட்டுக்கு மான்செஸ்டர் சிட்டி 65 மில்லியன் யூரோ, கெப்பாவுக்கு செல்சி 80 மில்லியன். ஒரு கோல்கீப்பருக்கு அவ்வளவு அதுவரை யாரும் கொடுத்ததில்லை. பணம் வந்தது, யாரை வாங்க? கடையில் சரக்கே இல்லாத சந்தைக்குப் பையோடு போன மாதிரி. லெசாமாவில் பையன்களைப் பழக்கும் இடத்துக்குத்தான் திரும்ப வேண்டும். பக்கத்து ஊர்க் கிளப்புகளிலிருந்து நல்ல பையன்களைக் கொத்திக்கொண்டு போகிறார்கள் என்று ஒசாசுனாக்காரர்கள் திட்டுவார்கள். அந்தத் திட்டில் நியாயம் இருக்கிறது.

இத்தனைக்கும், ஸ்பெயின் லீகில் ஒருதடவைகூடக் கீழ்ப்பிரிவுக்கு இறங்காத கிளப்புகள் மூன்றே மூன்று. ரியல் மாட்ரிட், பார்சிலோனா, நம்முடையது. 2007இல் போயிருக்க வேண்டியது. கடைசி நாள் ஆட்டத்தில் லெவாந்தேயை ஜெயித்துத் தப்பினார்கள். உனக்கு எட்டு வயது. எல்லாரும் ஏன் அழுகிறார்கள், ஜெயித்துவிட்டோமே என்று கேட்டாய்.

1984இல் லீகும் கோப்பையும் சேர்த்து ஜெயித்தபோது, ஆட்டக்காரர்களை ஒரு தட்டைச் சரக்குப் படகில் ஏற்றி ஆற்றில் ஊர்வலம் விட்டார்கள். கபார்ரா. முந்தின வருஷம் லீக் ஜெயித்தபோதே ஆரம்பித்த பழக்கம் அது. தூத்துக்குடித் தோணியில் பாய்மரத்தைக் கழற்றினால் எப்படி இருக்குமோ அப்படி. அப்புறம் அந்தப் படகு சும்மா கிடந்தது. 1985, 2009, 2012, 2015 என்று இறுதி ஆட்டம் வரை போய்ப் போய்த் தோல்வி. 2021இல் இரண்டு வாரத்துக்குள் இரண்டு கோப்பை இறுதி, கொரோனாவில் தள்ளிப்போன முந்தின வருஷத்தது ஒன்று. இரண்டிலும் தோல்வி. பாரில் ஜன்னலோர நாற்காலிக்காரர் உனக்கு நினைவிருக்கும், எப்போதும் உனக்கு ஆலிவ் எடுத்து வைப்பாரே. "படகை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் போவேன்" என்பார். 2022இல் போய்விட்டார்.

2024 ஏப்ரல் 6. செவில்லாவில் ஸ்பெயின் கோப்பை இறுதி, மயோர்க்காவோடு 1-1. பெனால்டி. அகிர்ரெசபாலா ஒன்றைத் தடுத்தான், அவர்களில் இன்னொருவன் வானத்துக்கு அடித்தான். கடைசி உதை பெரெங்கேர். உள்ளே போனதும் நான் சமையலறையிலிருந்து கரண்டியோடு தெருவுக்கு ஓடிவந்துவிட்டேன், அடுப்பை அணைக்காமல். நாற்பது வருஷம்! அடுத்த வியாழக்கிழமை படகு ஆற்றில் வந்தது. பத்து லட்சம் பேர் என்று பத்திரிகைகள் எழுதின. இந்த ஊர் ஜனத்தொகையே மூன்றரை லட்சம்தான். நீ லீவு கிடைக்கவில்லை என்று மாட்ரிட்டிலேயே இருந்துவிட்டாய். அம்மாவும் நானும் காலையிலேயே போய்ப் பாலத்தடியில் இடம் பிடித்தோம். அம்மா தயிர்சாதம் கட்டி வந்திருந்தாள். பக்கத்தில் நின்ற பாஸ்க் குடும்பத்துக்கும் கொடுத்தாள், ஊறுகாய் அவர்களுக்குத் தாங்கவில்லை.

படகில் இன்யாக்கியும் நிக்கோவும் நின்றார்கள். எனக்கு அப்போது மிகேல் ஜோன்ஸ்தான் ஞாபகம் வந்தார்.

உன்னை வாசலில் நிறுத்தியிருப்பார்கள் என்றானே அவன். பாப்பா, நீ பஸுர்த்தோ மருத்துவமனையில் பிறந்து, இங்கே பள்ளி அணியில் பின்வரிசையில் ஆடி வளர்ந்தவள். பெண்கள் அணிக்கும் இதே வழக்கம்தான், ஐந்து முறை லீக் ஜெயித்த அணி. நன்றாக ஆடியிருந்தால் (நீ ஆடவில்லை, அது வேறு விஷயம்) இவர்களுக்கு உன்னை எடுப்பதில் ஒரு தடையும் இல்லை. 2019 ஜனவரியில் பெண்கள் ஆட்டத்துக்கு நாம் மூன்று பேரும் போனோம், 48,121 பேர் வந்த ஆட்டம். அன்றைக்கு அம்மா, "இவ இங்க ஆடியிருக்கலாம்ல?" என்று என் காதில் கேட்டாள். ஆடியிருக்கலாம் என்றேன். வழக்கப்படி இடம் இல்லாதது எனக்குத்தான். நான் தூத்துக்குடிக் கடற்கரையில் பந்து கற்றவன். இருபத்தெட்டு வருஷமாக வெளியே நின்று கத்துகிறேன், எனக்கு அதில் வருத்தம் இல்லை.

செப்டம்பரிலிருந்து சாம்பியன்ஸ் லீக், பதினொரு வருஷத்துக்குப் பிறகு. முதலாளி டிவியை மாற்றுகிறார். ஏதாவது ஒரு ஆட்டத்துக்கு லீவு போட்டுவிட்டு வா. அந்த ஆபீஸ்காரனையும் வேண்டுமானால் கூட்டிக்கொண்டு வா, ஜன்னலோர நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. அத்தை அனுப்பிய கருவாடு வந்திருக்கிறது, உனக்குப் பாதி எடுத்து வைத்திருக்கிறேன். பஸ்ஸில் கொண்டுபோகிற மாதிரி நன்றாகச் சுற்றித் தருகிறேன், போன தடவை மாதிரி ஆகாது.

அன்புடன்,
அப்பா